ஒரே ஆள் எல்லா வகைப் புத்தகத்துக்கும் மதிப்புரை எழுத முடியுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய ஊர்ச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இதழ் கொண்டுவருகிறது. அதில் புதிதாக வரும் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதும் வேலையை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் பெட்டியில் வந்தவை ஐந்து: ஓர் ஆங்கில நாவல், ஒரு சமையல் புத்தகம், ஒரு குடும்பத்தின் வரலாறு, கோயிலில் பாடும் பாட்டுகளின் தொகுப்பு, ஒரு சிறுவர் கதை. “நான் இலக்கியம் படித்தவள் இல்லை. இத்தனை வகையையும் ஒரே ஆள் மதிப்பிட முடியுமா? எழுதியவர்களில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள், ஒருவர் சொந்தமும்கூட. புத்தகம் நன்றாக இல்லை என்றால் என்ன செய்வது?” என்பது அவர் கேள்வி.

வகைகளைப் பற்றிக் கேட்பது போலத் தெரிந்தாலும், அடுத்தவர் உழைத்து எழுதியதைப் பற்றி நல்லது கெட்டது சொல்ல எனக்கு என்ன உரிமை என்றுதான் நீங்கள் தயங்குகிறீர்கள், சகோதரி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் டர்பனில் ஒரு நூலகத்தில், புதுப் புத்தகங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன். கூடவே உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு மதிப்புரையும் எழுதிவந்தேன். பட்டம் வாங்கியதால் அந்த உரிமை வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும். அது சொல்வதில் எதையெல்லாம் சோதிக்க முடியுமோ அதையெல்லாம் சோதித்திருக்க வேண்டும். சோதித்த அளவுக்குத் தீர்ப்புச் சொல்லலாம், அதைத் தாண்டி ஒரு வரிகூடச் சொல்லக்கூடாது. வகைக்கு வகை சோதனை மாறும், இந்த விதி மாறாது. அதனால் உங்கள் கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். ஒவ்வொரு வகைக்கும் எதைச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

புதுப் புத்தகத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பழைய நூலென்றால் இதற்கு முன் நாலு பேர் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். புதியதைப் பற்றி அதுவரை பேசியிருப்பவர்கள், பின்னட்டையை எழுதிய பதிப்பகத்தார், அணிந்துரை எழுதிய நண்பர், வெளியீட்டு விழாவில் வாழ்த்திய பெரியவர். மூவருமே புத்தகம் நாலு பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அதில் தப்பேதும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னது முதலில் மனதில் ஏறிவிட்டால் உங்கள் கண் அதைத் தேடியே போகும். ஆகவே உள்ளே இருப்பதை முழுக்கப் படித்துவிட்டு அணிந்துரைக்கும் பின்னட்டைக்கும் வாருங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். நம் மாதிரிச் சின்னச் சமூகத்தில் ஒரு நூலுக்கு வரும் ஒரே மதிப்புரை உங்களுடையதாக இருக்கலாம். பின்னாளில் அந்த நூலைத் தேடிவரும் மாணவருக்கு, அதை நம்பலாமா கூடாதா என்று சொல்ல வேறு ஆள் இருக்க மாட்டார்.

பெட்டியில் இருப்பவற்றில் குடும்ப வரலாறுதான் உங்களிடம் அதிக நேரம் கேட்கும். தாத்தாவும் ஆயாவும் சொன்னது தம்மோடு போய்விடக்கூடாது என்ற தவிப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வக்கீல்களும் சொந்தக் காசைப் போட்டு இப்படி அச்சடிக்கிறார்கள். அந்தத் தவிப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1860-க்கும் 1911-க்கும் நடுவில் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1 லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் தங்கள் கதையைத் தாங்களே எழுதிவைத்தவர்கள் மிகமிகக் குறைவு. அதனாலேயே பேரப்பிள்ளைகள் எழுதுவது சரியாக இருக்க வேண்டும். தவறான தகவல் ஒன்று அச்சில் ஏறிவிட்டால் அடுத்த குடும்பத்தின் புத்தகம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

முதலில் கப்பலைப் பாருங்கள். சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு வந்த ட்ரூரோ, 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. முதல் கப்பல் என்பதால் அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கப்பல் என்று தெரியாத குடும்பத்துக்கு வாயில் முதலில் வருவதும் அதுதான். நீங்கள் கணக்கு ஆசிரியை என்பது இங்கேதான் கைகொடுக்கும். கொள்ளுத்தாத்தா இருபது வயதில் ட்ரூரோவில் வந்தார், அவருடைய மகன் 1915-இல் பிறந்தார் என்று புத்தகம் சொன்னால், தகப்பனுக்கு அப்போது 75 வயது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கலாம், அல்லது கப்பல் வேறாக இருக்கலாம். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தின் வழியாக அவற்றைத் தேடலாம். பட்டியல் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனிசாமி மூன்சாமி ஆகியிருப்பார். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நூலாசிரியரே அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கொடுத்திருந்தால் அவர் உண்மையிலேயே போய்த் தேடியிருக்கிறார், அதை மதிப்புரையில் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

அடுத்து மூன்று பவுண்டு வரி. 1895-இல் வந்த சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், காலம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் எழுதாமலும் இங்கே தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும். 1914-இல்தான் அது நீங்கியது. ஆகவே 1880-களிலேயே ஒப்பந்தத்தை முடித்துவிட்ட ஒருவர் அந்த வரியால் நொடித்துப்போனார் என்று நூல் சொன்னால், எந்த ஆதாரத்தில் என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அந்த வரியின் பாரத்தை வாசகருக்கு விளங்கவைத்திருக்கிறாரா என்றும் பார்க்கலாம். ஒப்பந்தக்காரரின் முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி. இந்தக் கணக்கை ஒரே வரியில் சொல்லியிருந்தால் 1913-இல் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆட்கள் ஏன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள் என்பது புரிந்துவிடும். ‘சொல்லொணாத் துயரம்’ என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அது புரியாது. காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பற்றிய பத்தி வந்தால் அதையும் ஒருமுறை சரிபாருங்கள். அவர் தில்லையாடியில் பிறந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது குடும்பத்தின் பூர்வீக ஊர். அவர் 1898-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். மேரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து உடல் நலிந்து வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்தார்.

அப்புறம், சோதிக்கவே முடியாத பகுதி ஒன்று இருக்கும். “எங்கள் தாத்தா காந்தியோடு நடந்தார்” என்று இருக்கும். 1913 நவம்பரில் காந்தியின் தலைமையில், நேட்டாலிலிருந்து பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஆகவே நடந்திருக்கலாம். ஆவணம் இல்லை என்பதற்காக அந்த நினைவைத் தள்ளுவது அநியாயம், ஏனென்றால் ஆவணம் எழுதியவர்கள் தோட்டத்து ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பது நூலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயா வாயால் கேட்டது எது, பதிவேட்டில் கண்டது எது என்று படிப்பவர் பிரித்துப் பார்க்கும்படி எழுதியிருந்தால் அது நல்ல நூல். இரண்டையும் ஒரே குரலில் கலந்து எழுதியிருந்தால் அதுதான் அந்த நூலின் பெரிய குறை, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

பாட்டுத் தொகுப்பைச் சின்னப் புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்தில் அதிகக் கைகளில் புழங்கப்போவது அதுதான். ஆடியில் கூழ் ஊற்றும்போதும், புரட்டாசி விரதத்திலும், காவடி எடுக்கும்போதும் அதைப் பார்த்துத்தான் பாடுவார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில்தான் படிக்கிறார்கள். எனவே தமிழ் ஒலிகளை அந்த எழுத்தில் எப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் சோதனை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி கையாண்ட முறை ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 15919 என்று 2001-இல் வந்த உலகத் தரம் ஒன்றும் உண்டு. நெடிலுக்கு மேலே கோடு, ளகர ணகரங்களுக்குக் கீழே குறி என்று அவற்றில் ஒவ்வோர் ஒலிக்கும் வேறுபாடு காட்டியிருக்கும். கோயில் புத்தகத்துக்கு அத்தனை குறிகள் தேவையா என்பதில் நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடுமாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். ஆனால் குறில், நெடில் வேறுபாட்டையாவது காட்டியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திருப்புகழின் சந்தம் அதில்தான் நிற்கிறது. நெடிலைக் குறிலாகப் படித்தால் ஒரு மாத்திரை குறையும், பாட்டு தாளத்தில் உட்காராது. எந்த முறையை எடுத்துக்கொண்டிருந்தாலும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதையே கடைப்பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களிலிருந்து சேர்த்த தொகுப்பாக இருந்தால் ஒரே சொல் மூன்று விதமாக எழுதியிருக்கும்.

இதைச் சோதிக்கத் தமிழ்ப் புலமை வேண்டாம். தமிழ் எழுத்தும் தெரியாத, அந்தப் பாட்டும் தெரியாத ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டு நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் “என்ன, என்ன?” என்று திரும்பக் கேட்கிறாரோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அச்சிட்டிருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு யாருடையது என்றும் பாருங்கள். இந்த மாதிரித் தொகுப்புகளில் அடிக்கடி விட்டுப்போவது அந்தப் பெயர்தான். ஜி. யு. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அவர் 1908-இல் இறந்துவிட்டார், காப்புரிமையோ எழுதியவர் இறந்து இங்கே 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டுதான். அதற்காக அவர் பெயரைப் போடாமல் விடுவது முறையில்லை. உயிரோடு இருப்பவரின் மொழிபெயர்ப்பைக் கேட்காமல் எடுத்திருந்தால் அது பெயர் போடாத குறையோடு நிற்காது, சட்டப்படியே தவறு. ஆனால் அனுமதி வாங்கினார்களா இல்லையா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘மொழிபெயர்ப்பாளர் பெயர் நூலில் இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். கண்ணால் கண்டது அவ்வளவுதான்.

சமையல் புத்தகத்தைச் சமைத்துப் பார்க்காமல் எழுதவே கூடாது. சுலபமான ஒன்று, வேலை பிடிக்கும் ஒன்று, உங்கள் வீட்டில் செய்யாத ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பக்குவத்தைச் சேர்க்காமல் எழுதியிருக்கிறபடியே செய்யுங்கள். நம்மால் அது முடியாமல்தான் போகும், கை தானாகவே கொஞ்சம் பெருஞ்சீரகத்தை எடுத்துப் போட்டுவிடும். அதனால் சமைக்கத் தெரியாத மகனையோ மருமகனையோ செய்யச் சொல்வது இன்னும் நல்லது. டர்பனில் இந்த வகைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. பெண்கள் கலாசாரக் குழு, சுலைகா மாயத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1961-இல் கொண்டுவந்த ‘இண்டியன் டிலைட்ஸ்’. அது வீட்டில் இருக்கும்போது இந்தப் புதியது எதற்கு என்று வாசகர் கேட்பார், அதற்கு உங்கள் மதிப்புரையில் பதில் இருக்க வேண்டும். பிறகு அளவுகள். இரண்டு மேசைக்கரண்டி மசாலா என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கடைக்குக் கடை கலவை வேறு, காரம் வேறு. எந்த மாதிரி மசாலா, அல்லது வீட்டில் அரைப்பதானால் என்ன அளவு என்று நூல் சொல்ல வேண்டும். கப் என்றால் இங்கே 250 மில்லி, அமெரிக்கக் கப் அதைவிடச் சிறியது. மேசைக்கரண்டி இங்கே 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. வெளிநாட்டு இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த குறிப்புகள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். நேரத்தையும் பாருங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் டர்பனில் எழுதிய பீன்ஸ் கறிக் குறிப்பை ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவர் செய்தால் அதே நேரத்தில் வேகாது. அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் அங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நல்ல புத்தகம் நேரத்தோடு பதத்தையும் சொல்லும்: விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், எண்ணெய் பிரிய வேண்டும் என்று.

நாவலுக்குத் தகவல் சோதனை எளிது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் தொடங்கியது. ராண்ட் நாணயம் 1961 பிப்ரவரியில் வந்தது, அதற்கு முன் பவுண்டும் ஷில்லிங்கும். டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய குடியிருப்பான சாட்ஸ்வர்த் 1960-களில் உருவானது. 1955-இல் சாட்ஸ்வர்த் வீட்டில் உட்கார்ந்து ராண்ட் எண்ணும் பாத்திரம் வந்தால் குறிப்பிடுங்கள், ஆனால் அதற்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். நாவல் அதனால் விழுந்துவிடாது. அதில் வரும் மனிதர்களை நம்ப முடியாமல் போனால்தான் விழும். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு குடும்பங்களைப் பெயர்த்து எறிந்ததைப் பற்றிய நாவலில் நம் ஆட்கள் எல்லாரும் உத்தமர்களாகவும், பக்கத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் பேச்சே இல்லாதவர்களாகவும் இருந்தால், எழுதியவர் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே நடந்த 1949 கலவரத்தையும் அதற்கு முந்தைய பல வருட அண்டை வீட்டு உறவையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை என்று அர்த்தம். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பகுதி எழுத்தாளர் ரோனி கவெண்டரின் கேட்டோ மேனர் சிறுகதைகள் 1996-இல் வந்து, மறுவருடம் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசில் ஆப்பிரிக்கப் பகுதியின் சிறந்த முதல் நூலாகத் தேர்வானதற்கு, அந்தத் தெருவில் பேசிய ஆங்கிலத்தையே அவர் எழுதியது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஊர்க்காரரின் நாவலில் மாமாவும் அத்தையும் லண்டன் வக்கீல்கள் மாதிரிப் பேசினால், இரண்டு வரியை மேற்கோளாக எடுத்துப் போட்டுவிடுங்கள். மீதியை வாசகரே தீர்மானித்துக்கொள்வார். கதையில் எவ்வளவு சொல்லலாம் என்றால், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் தெரியவருவதைச் சொல்லலாம். துப்பறியும் கதைக்கு அதுவும் அதிகம்.

சிறுவர் கதையை ஒரு பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை அதையே மறுபடி கேட்டால் மதிப்புரையில் அதை எழுதுங்கள். எழுத்து அளவு, படம், தையல் பிரியாத கட்டு, இவற்றையும் பாருங்கள்.

எனக்கு எட்டாத வகைகளும் உண்டு. நீரிழிவைக் கஷாயத்தால் தீர்க்கலாம் என்கிற மாதிரி மருத்துவ நூல் வந்தால் ஒரு டாக்டரைக் கேட்காமல் நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் அந்த நோய் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மதிப்புரையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? நம் மக்களைக் கோபப்படுத்தும் வரலாற்று நூல்கள் வேறு ரகம். 2015-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பற்றி, ஆப்பிரிக்கர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதைக் கடுமையாகக் கேள்விகேட்டு, ஒரு நூல் எழுதினார்கள். பெரிய விவாதம் கிளம்பியது. அந்த மாதிரி நூல் வந்தால் கோபத்தையும் பக்தியையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மேற்கோள்களைப் பாருங்கள். காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டு இணையத்திலேயே கிடைக்கின்றன. மேற்கோள் காட்டிய கடிதத்தை எடுத்து, முன்னும் பின்னும் இருப்பதையும் படியுங்கள். மேற்கோள் சரியா என்பது உறுதியாகச் சொல்லக்கூடியது. அதிலிருந்து நூலாசிரியர்கள் எடுக்கும் முடிவு சரியா என்பது வாதத்துக்குரியது. மதிப்புரையில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

இனி, நீங்கள் கடைசியில் கேட்டது. சொந்தக்காரரின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதாதீர்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் படிப்பவர் நம்ப மாட்டார், குறை சொன்னால் கல்யாண வீட்டில் பேச்சாகும். அதை இதழாசிரியரிடம் சொல்லி வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், இந்த நூல் வந்திருக்கிறது, இத்தனை பக்கம், இந்த விலை, இங்கே கிடைக்கும் என்று அறிவிப்பாகப் போட்டுவிடலாம். ஊர்க்காரர் என்ற அளவில் பழக்கமுள்ளவருடைய புத்தகத்தை எழுதலாம். ஆனால் ‘நூலாசிரியரை எனக்குத் தெரியும், பிரதியை அவரே அனுப்பினார்’ என்று ஒரு வரி இருக்கட்டும். எழுதியதை அச்சுக்கு முன் அவரிடம் காட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் போன் பண்ணி, “அண்ணா, இந்தக் கப்பல் எண்ணை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்பதில் தவறில்லை, கேட்காமல் குறை சொல்வதுதான் தவறு. வெளியீட்டு விழாவில் பேசக் கூப்பிட்டால் போங்கள், வாழ்த்துங்கள், அங்கே நீங்கள் விருந்தாளி. அந்தப் பேச்சை இதழில் மதிப்புரையாகப் போடச் சொன்னால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

நன்றாக இல்லாத புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாமா என்றால், புத்தகத்தைப் பொறுத்தது என்பேன். ஒருவர் முதன்முதலாகக் கவிதை எழுதிச் சொந்தக் காசில் போட்டிருக்கிறார், சுமாராக இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை, நம் இதழில் இடமும் குறைவு. ஆனால் தேதிகள் தப்பாக இருக்கும் வரலாறும், பிள்ளைகளைத் தப்பாகப் பாடவைக்கும் தொகுப்பும் அப்படி இல்லை. அவை பரவும். அங்கே மௌனமாக இருப்பது படிப்பவருக்குச் செய்யும் துரோகம். ஒரு புத்தகத்துக்கு முந்நூறு, நானூறு ராண்ட் கொடுப்பது நம் வீடுகளில் பலருக்குச் சின்னக் காசு இல்லை. பொய்யாகப் புகழ்ந்து ஒருமுறை வாங்கவைத்துவிட்டால், அடுத்தமுறை உண்மையிலேயே நல்ல புத்தகத்தைச் சொல்லும்போதும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எழுத்துப்பிழையை எல்லாம் பட்டியல் போட்டு முதியவர் ஒருவரைக் கூசவைக்க வேண்டாம். ‘மெய்ப்பு இன்னும் கவனமாகப் பார்த்திருக்கலாம்’ என்றால் போதும். உண்மைத் தவறை மட்டும் பக்க எண்ணோடு எழுதுங்கள். பக்க எண் இருந்தால் அவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் திட்டியதாகத்தான் நினைப்பார். இத்தனைக்குப் பிறகும் சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஒருவர் என் மதிப்புரை வந்த பிறகு கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய இரண்டாம் பதிப்பில் நான் குறித்திருந்த தேதிகள் திருத்தப்பட்டிருந்தன. பேச்சு மட்டும் திரும்பவில்லை, எனக்கு அது இன்றும் வருத்தம்தான். நூலாசிரியர் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் கட்டாயம் போடச் சொல்லுங்கள், அதற்கு இடம் இல்லை என்று சொல்லக்கூடாது.

எழுதும் வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்நூறு, அறுநூறு சொல் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, எங்கே கிடைக்கும் என்பதை மேலேயே கொடுத்துவிடுங்கள், சொந்தமாக வெளியிட்ட நூல் என்றால் கிடைக்கும் இடம் மிக முக்கியம். புத்தகம் எதைச் செய்ய நினைத்தது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, அதைச் செய்ததா என்று சொல்லுங்கள். நீங்கள் எதிர்பார்த்த வேறொரு புத்தகமாக அது இல்லையே என்று குறைப்படுவது நியாயமில்லை. யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்றும் எழுதுங்கள். சொந்தமாக அச்சிட்டவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே வெளியாகும் புத்தகத்தைத் தேசிய நூலகம் முதலான சட்டவைப்பு நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும், மேரிட்ஸ்பர்க்கில் இருக்கும் நூலகமும் அதில் ஒன்று. குடும்ப வரலாறு எழுதும் பலருக்கு இது தெரிவதில்லை. கொடுத்துவைத்தால் அந்தப் புத்தகம் குடும்ப அலமாரியோடு காணாமல் போகாது.

முதல் இதழுக்குச் சமையல் புத்தகத்தையும் பாட்டுத் தொகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வீட்டிலும் கோயிலிலுமே சோதித்துவிடலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நாவலையும் சிறுவர் கதையையும் அடுத்த இதழுக்கு வைக்கலாம். குடும்ப வரலாற்றுக்கு மூன்று மாதம் போதுமா என்பது சந்தேகம். கப்பல் எண் நூலில் இல்லையென்றால் நூலாசிரியருக்கு இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், பதில் வர நாளாகும்.